மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் கையிருப்பு அலை: உற்பத்தித் திட்டத்தைக் கட்டுப்பாட்டுப் பொறியியலாகப் பார்க்கலாமா?

பம்புத்திட்டம் (இழையைத் தொடங்கியவர்):

கோவையில் நடுத்தர அளவிலான ஒரு பம்புத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடலைக் கவனித்து வருகிறேன். வார்ப்புகளை வெளியே ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்பாலையில்) வாங்கி, கடைசல் வேலை, அசெம்பிளி, டெஸ்டிங் ஆகியவற்றை எங்கள் தளத்தில் செய்கிறோம். கேசிங் (பம்பின் வெளிக்கூடு) வார்ப்பின் கையிருப்பு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைக்க இடமில்லாமல் பெருகுகிறது; இடையில் அசெம்பிளி லைன் நின்றுபோகும் அளவுக்கு வற்றுகிறது. விற்பனை அப்படி ஏறி இறங்கவில்லை. கோடைக்கு முன் விவசாயப் பம்புகளுக்குத் தேவை கூடுவது உண்மைதான். அது ஆண்டுக்கு ஒருமுறை வருவது, இந்த அலையோ ஆண்டுக்கு நான்கு முறை வருகிறது.

எங்கள் நடைமுறை இது. திங்கட்கிழமை காலையில் கையிருப்பை எண்ணுவோம். இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தால், அந்த வாரத் தேவையோடு குறையும் அளவையும் சேர்த்து ஆர்டர் போகும். மிகுந்திருந்தால் மிகுதி கழிக்கப்படும். ஆர்டர் கொடுத்து வார்ப்பு வந்து சேர மூன்று வாரம் ஆகும். இந்த அலையை அடக்க, எண்ணிக்கையைத் தினமும் எடுத்து ஆர்டரை வாரம் இருமுறை திருத்த வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. பிராசஸ் கன்ட்ரோல் (ஆலையில் நீர்மட்டம், வெப்பம் போன்றவற்றைச் சீராக வைக்கும் துறை) அனுபவம் உள்ளவர்கள் இதை எப்படிப் பார்ப்பீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கன்ட்ரோல்ரூம்:

உங்கள் பதிவில் இரண்டு எண்கள் இருக்கின்றன: மூன்று வாரத் தாமதம், மூன்று மாத அலை. எங்கள் துறையில் இந்த இரண்டையும் பார்த்ததும் அடுத்த கேள்வியே எழாது. ஒரு தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து வால்வைத் திருப்புகிறோம், வால்வைத் திருப்பியபின் தண்ணீர் வந்து சேர ஒரு குறிப்பிட்ட நேரம் ஆகிறது என்றால், திருத்தம் அளவுக்கு மீறும்போது மட்டம் அலையத் தொடங்கும். அந்த அலையின் நீளம் தாமதத்தைப் போல நான்கு மடங்கு. மூன்று வாரத்துக்கு நான்கு மடங்கு பன்னிரண்டு வாரம். வாரம் ஒருமுறைதான் பார்க்கிறீர்கள் என்பதால் சராசரியாக அரை வாரம் கூடுதல் தாமதம். அதையும் சேர்த்தால் பதினான்கு வாரம். உங்கள் அலையை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போடவில்லை, உங்கள் ஆர்டர் விதியே அதை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் தேவையில்லை.

கையிருப்பு என்பது கணக்கின்படி ஒரு தொகையீடு, அதாவது வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு சேர்ந்துகொண்டே போவது. குறைபாட்டை எத்தனை வாரத்தில் ஈடுகட்டப் பார்க்கிறோமோ அதைத் திருத்தக் காலம் என்று வைத்துக்கொள்வோம். தாமதத்தைத் திருத்தக் காலத்தால் வகுத்து வரும் எண் 1.57-ஐத் தாண்டினால் அலை வளர்ந்துகொண்டே போகும், 0.37-க்குக் கீழே இருந்தால் அலையே எழாது. நீங்கள் முழுக் குறைபாட்டையும் ஒரே வாரத்தில் கேட்கிறீர்கள். அந்த எண் 3. அலை வெடித்துச் சிதறாமல் இருப்பது, ஃபவுண்டரி ஓர் அளவுக்கு மேல் ஊற்ற முடியாது, ஆர்டரும் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது என்ற இரண்டு தடுப்புகளால்தான். வாரம் இருமுறை முழுக் குறைபாட்டையும் கேட்கத் தொடங்கினால் அந்த எண் 6 ஆகிவிடும். அடிக்கடி பார்ப்பதில் தவறு எதுவும் இல்லை. பார்த்த ஒவ்வொரு முறையும் முழுமையாகத் திருத்துவதுதான் தவறு.

திருத்தக் காலத்தை எட்டு வாரத்துக்கு மேல் நீட்டுவது, அதாவது குறைபாட்டில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக மட்டும் ஒவ்வொரு வாரமும் சேர்ப்பது ஒரு வழி. அலை அடங்கும், ஆனால் உண்மையாகவே தேவை மாறும்போது மிக மெதுவாகத்தான் எதிர்வினை வரும். அதைவிட நல்ல வழி, ஏற்கெனவே கேட்டு இன்னும் வராமல் இருக்கும் சரக்கைக் கணக்கில் சேர்ப்பது. வாரத்துக்கு 600 வார்ப்பு செலவாகிறது, இருக்க வேண்டிய கையிருப்பு 1000 என்று கொள்வோம். மூன்று வாரத் தாமதத்துக்கு வழியில் இருக்க வேண்டிய சரக்கு 1800. இன்று கையிருப்பு 500, பெண்டிங் ஆர்டர் 2700 என்றால், உங்கள் விதி 600-உடன் குறையும் 500-ஐச் சேர்த்து 1100 கேட்கும். வழியில் மிகுதியாக நிற்கும் 900-ஐக் கழித்தால் கேட்க வேண்டியது 200 மட்டுமே. கணக்கிட்டுப் பாருங்கள்: மூன்று வாரத்தில் 2700 வந்து 1800 செலவாகிக் கையிருப்பு 1400 ஆகும், நான்காம் வாரம் அந்த 200 வந்து 600 செலவானால் சரியாக 1000. 1100 கேட்டிருந்தால் அதே வாரம் 1900 இருக்கும், உடனே ஆர்டரை நிறுத்துவீர்கள், அடுத்த பள்ளத்துக்கு அதுவே அடித்தளம்.

எங்கள் துறையில் இதற்கு ஸ்மித் பிரடிக்டர் என்று பெயர். 1957-இல் பெர்க்லியைச் சேர்ந்த ஓட்டோ ஸ்மித் முன்வைத்தது. அனுப்பிய திருத்தம் இன்னும் பலன் தரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் கன்ட்ரோலர், அவ்வளவுதான்.

ஷிப்ட்_இன்சார்ஜ்:

ஐயா எழுதிய கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. வால்வு பொய் சொல்லாது. ஃபவுண்டரி சொல்லும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "இந்த வாரம் 900 அனுப்பிவிடுவோம்" என்று போனில் சொல்வதும், சனிக்கிழமை மாலை 550 வந்து இறங்குவதும் எங்கள் தளத்தில் வழக்கம். எங்கள் பர்ச்சேஸ் ஆட்களும் சும்மா இருப்பதில்லை. கேட்டதில் முக்கால் பங்குதான் வரும் என்று தெரிந்ததால் முன்கூட்டியே கூட்டிக் கேட்கிறார்கள். கூட்டிக் கேட்பார்கள் என்று தெரிந்ததால் ஃபவுண்டரிக்காரர் குறைத்தே அச்சு போடுகிறார். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஊகித்துக்கொண்டிருக்கும் இடத்தில் பெண்டிங் என்ற எண்ணுக்கு என்ன பொருள்? மாதக் கடைசி டெஸ்பாட்ச் அவசரமும் இதில் உண்டு. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் எங்கள் தளத்தில் எந்த விதியும் செல்லாது.

கன்ட்ரோல்ரூம்:

நீங்கள் சொல்வது சென்சார் பிழை. அது எங்களுக்கும் உண்டு. பிழையான சென்சாரை வைத்துக்கொண்டு கன்ட்ரோலரை ட்யூன் செய்யக் கூடாது என்பதே எங்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடம். வாக்குறுதியைப் பெண்டிங்காக எண்ணாதீர்கள். ஆர்டர் எண்ணுக்கு எதிரே வந்து இறங்கியதை மட்டும் கழியுங்கள். ஊகித்துக் கூட்டிக் கேட்கும் பழக்கம், அலை அடங்கினால் தானாகக் குறையும் என்பது என் எண்ணம், ஏனென்றால் பற்றாக்குறைப் பயம்தான் அதற்கு வேர். மாதக் கடைசி வேறு சிக்கல். அது இந்த இழையில் தீராது.

டிராஃப்ரேம்:

நான் நூற்பாலைக்காரன். "அடிக்கடி பார்த்துத் திருத்தினால் சீராகும்" என்ற நம்பிக்கைக்கு எங்கள் தொழிலில் ஒரு பழைய உதாரணம் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

டிராஃப்ரேமிலிருந்து (பஞ்சை இழுத்துச் சீராக்கும் மெஷின்) வரும் ஸ்லைவரில் (முறுக்கேறாத பஞ்சுக் கயிறு) சில கெஜ நீளத்தை வெட்டி எடைபோட்டு ஹாங்க் (எடைக்கு எவ்வளவு நீளம் என்ற அளவு) பார்ப்போம், ராப்பிங் என்போம். ஹாங்க் சற்றுக் கனமாக வந்தால் மெஷினை நிறுத்தி, கியர் பக்கத்துக் கதவைத் திறந்து, டிராஃப்ட் பினியனை (ஸ்லைவர் எவ்வளவு இழுபடும் என்பதைத் தீர்மானிக்கும் பற்சக்கரம்) ஒரு பல் மாற்றிப் போடுவது பழைய மேஸ்திரிகளின் கைப்பழக்கம். ஐம்பது பல் உள்ள பினியனில் ஒரு பல் என்பது இரண்டு விழுக்காடு. ராப்பிங்கில் வந்த வேறுபாடோ பெரும்பாலும் அதைவிடச் சிறியது. பஞ்சின் இயல்பான ஏற்ற இறக்கம். அடுத்த ராப்பிங்கில் அது மறுபக்கம் சாயும், மேஸ்திரி பினியனைத் திரும்ப மாற்றுவார். கேன் கேனாக ஒன்று கனமும் ஒன்று இலேசுமாக அடுத்த மெஷினான சிம்ப்ளக்ஸுக்குப் போய், கடைசியில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் கவுண்ட் (நூலின் பருமன் எண்) மாறுபாடு அதிகம் என்று ஸ்பின்னிங் மாஸ்டருக்குப் புகார் போகும். மேஸ்திரி பொறுப்பில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. மிகுந்த பொறுப்போடு மெஷினைக் கெடுத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் உண்மை. ராப்பிங் எண்களை வரைபடத்தில் குறித்து, எல்லைக் கோட்டைத் தாண்டினால் மட்டுமே பினியனில் கை வைக்க வேண்டும் என்று விதி வந்தபின் அந்த மாறுபாடு குறைந்தது. பினியன் மாற்றும் வேலையும் குறைந்தது, மேஸ்திரிக்கு அதில் வருத்தம்தான்.

தரம்_ஓய்வு:

நூற்பாலை நண்பர் சொன்னதற்குக் கணக்கு மிக எளிது. ஒவ்வோர் அளவீட்டிலும் தற்செயலான ஒரு விலகல் இருக்கிறது. அந்த விலகலுக்கு ஈடாக மெஷினை முழுமையாகத் திருத்தினால், அடுத்த அளவீட்டில் அதன் சொந்த விலகலோடு முந்தைய விலகலும் எதிர்க்குறியில் வந்து சேர்கிறது. தொடர்பற்ற இரண்டு விலகல்கள் சேரும்போது மாறுபாட்டெண் இருமடங்காகும். திட்ட விலக்கம் 1.41 மடங்கு. எதையும் தொடாமல் இருந்தால் வரும் மாறுபாட்டைவிட, திருத்தித் திருத்தி வரும் மாறுபாடு நாற்பது விழுக்காடு கூடுதல். தரக் கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் தம் வகுப்புகளில் புனலிலிருந்து கோலிக்குண்டை விழவிட்டுக் காட்டியது இதைத்தான்.

வால்டர் ஷூவார்ட் 1924 மே 16-ஆம் நாள் தம் மேலாளருக்கு எழுதிய ஒரு பக்கக் குறிப்பில்தான் கட்டுப்பாட்டு வரைபடம் முதன்முதலில் வருகிறது. அவர் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் இருந்த காலம். எந்த விலகல் அமைப்பின் இயல்பு, எது தனிக் காரணத்தால் வந்தது என்று பிரித்துக் காட்டுவதே அதன் நோக்கம். நம் பகுதியில் இது புதிய செய்தி இல்லை. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல், தரத்துக்காக வழங்கப்படும் டெமிங் பரிசு பெற்றது, 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. ஷாஃப்ட் விட்டத்துக்கு மைக்ரான் கணக்கில் வரைபடம் போடும் தொழிற்சாலைகளில்கூட, வார உற்பத்தி எண்ணுக்கும் வராத சரக்குக்கும் யாரும் அப்படி வரைபடம் போடுவதில்லை என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். காலைக் கூட்டத்தில் நேற்று 540 ஏன், முந்தாநாள் 580 வந்ததே என்று கேட்பதில் அரை மணி போகிறது. இரண்டும் ஒரே எல்லைக்குள் இருக்கும் எண்களாக இருந்தால் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. ஆனால் கேட்கப்பட்டவர் ஒரு விடையைத் தயாரித்தாக வேண்டும், தயாரித்த விடைக்கு ஏற்ப ஒரு நடவடிக்கையும் எடுத்தாக வேண்டும். 2012-இன் மின்வெட்டுக் காலத்தில் இதே கோவையில் உற்பத்தி எண்கள் எல்லைக்கு வெளியே விழுந்தன. அவை தனிக் காரணம், அவற்றை விசாரித்ததில் பொருள் இருந்தது.

எம்டெக்_மாணவன்:

வணக்கம். உற்பத்தித் திட்டத்துக்கு இந்தக் கோட்பாட்டை யாராவது முறையாகப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று தேடியபோது, இது மிகப் பழைய முயற்சி என்று தெரிந்தது. ஹெர்பர்ட் சைமன் 1952-இல் எக்கனாமெட்ரிக்கா இதழில், சர்வோ இயந்திர (பிழையைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் இயந்திர) கோட்பாட்டை உற்பத்திக் கட்டுப்பாட்டுக்குப் பொருத்தி, லாப்ளாஸ் உருமாற்றத்தோடு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கையிருப்புக்கும் இலக்குக்கும் உள்ள வேறுபாடே அதில் பிழைக் குறிகை. எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரெஸ்டர் போர்க்காலத்தில் சர்வோ ஆய்வகத்தில் இருந்தவர். பிறகு மேலாண்மைப் பள்ளிக்கு வந்தபின், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கென்டக்கி வீட்டுச்சாதனத் தொழிற்சாலைகள் சில காலம் மூன்று நான்கு ஷிப்ட் ஓடுவதும் சில ஆண்டுகளில் பாதிப் பேரை வேலையைவிட்டு நிறுத்துவதும் ஏன் என்று ஆராய்ந்தார். ஆர்டர் ஒரே சீராக வந்தாலும் ஆள் எடுக்கும் விதியும் கையிருப்பு விதியும் சேர்ந்து அந்த அலையை உண்டாக்கும் என்று கையாலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அங்கிருந்து வளர்ந்த பீர் விளையாட்டில் (கடை முதல் ஆலை வரை ஒவ்வொருவரும் ஆர்டர் போட்டு ஆடும் வகுப்பறை விளையாட்டு), ஆடுபவர்கள் வழியில் இருக்கும் சரக்கைப் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை என்று ஜான் ஸ்டெர்மன் 1989-இல் ஆய்ந்து எழுதினார். பம்புத் தொழிற்சாலையில் நடப்பதும் இதுதானே?

பம்புத்திட்டம்:

அதுவேதான் என்று தோன்றுகிறது. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். லைன் நின்ற வாரங்களில் எல்லாம் பெண்டிங் ஆர்டர் மிக உயரத்தில் இருந்திருக்கிறது. அந்த வாரங்களில்தான் ஃபவுண்டரிக்கு நேரில் ஆள் அனுப்பி இன்னும் கூடுதலாகக் கேட்டிருக்கிறோம்.

எனக்கு இரண்டு ஐயங்கள். கோடைத் தேவை முன்கூட்டியே தெரியும். அதற்கும் கையிருப்பு குறைவதைப் பார்த்த பிறகுதான் ஆர்டரைக் கூட்ட வேண்டுமா? இரண்டாவது, மூன்று வாரம் என்பது சராசரிதான். நெருக்கடி வரும்போது ஐந்து வாரம்கூட ஆகிறது.

டிராஃப்ரேம்:

முதல் ஐயத்துக்கும் எங்களிடம் மெஷினாகவே விடை இருக்கிறது. டிராஃப்ரேமின் ஆட்டோலெவலர், ஸ்லைவர் உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு உருளைகளுக்கு இடையே அதன் தடிமனை அளக்கிறது. அளந்த உடனே எதையும் செய்வதில்லை. அந்தத் துண்டு டிராஃப்டிங் இடத்துக்கு வந்து சேரும் நேரம் வரை அளவை நினைவில் வைத்திருந்து, சரியாக அது வரும்போது டிராஃப்ட்டை மாற்றுகிறது. நேரத்தைச் சற்றுப் பிசகாக அமைத்துவிட்டால் கனமான துண்டை விட்டுவிட்டு அடுத்த துண்டை இழுத்து மெலியவைக்கும். லெவலரே இல்லாத மெஷினைவிட மோசமான ஸ்லைவர் வரும். கார்டிங்கில் (டிராஃப்ரேமுக்கு முன் பஞ்சைச் சிக்கெடுக்கும் கட்டம்) இருக்கும் நீண்டகால லெவலர் வேறு வகை, வெளியே வருவதை அளந்து உள்ளே வருவதைத் திருத்துவது. முதலாவது முன்னூட்டு, இரண்டாவது பின்னூட்டு. முன்னூட்டில் தாமதம் நமக்குப் பகையில்லை, ஏனென்றால் அளவீடு முன்பே கையில் இருக்கிறது. பிப்ரவரியில் வார்ப்பு கூடுதலாக வேண்டும் என்று தெரிந்தால் அந்தக் கூடுதலை ஜனவரி முதல் வாரத்தில் ஆர்டரில் வைத்துவிடுங்கள். கையிருப்பின் இலக்கையும் வழியில் இருக்க வேண்டிய அளவையும் சேர்த்தே உயர்த்துங்கள். ஊகத்தில் விட்டுப்போனதை மட்டும் திங்கட்கிழமை விதி பார்த்துக்கொள்ளும்.

கன்ட்ரோல்ரூம்:

இரண்டாவது ஐயம்தான் இந்த இழையிலேயே கடினமானது. எங்கள் குழாயில் தாமதம் பெரும்பாலும் நிலையானது. உங்கள் ஃபவுண்டரியில் அது உங்கள் ஆர்டரைப் பொறுத்தே மாறுகிறது. கொள்ளளவில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறதோ, அதைக் காலியாக உள்ள பங்கால் வகுத்தால் வரும் எண்ணைப் பின்பற்றியே வரிசையில் காத்திருக்கும் நேரம் கூடுகிறது. 1961-இல் கணிதவியலாளர் கிங்மன் தந்த தோராயத்தின் சாரம் அது. எண்பது விழுக்காடு நிரம்பினால் அந்த எண் 4, தொண்ணூறில் 9, தொண்ணூற்றைந்தில் 19. பற்றாக்குறை வாரத்தில் நீங்கள் கூடுதலாகக் கேட்பது ஃபவுண்டரியை நிரப்பித் தாமதத்தையே நீட்டுகிறது. நீண்ட தாமதம் அலையையும் நீட்டுகிறது. ஆகவே விதியோடு ஓர் உச்சவரம்பும் வேண்டும்: ஃபவுண்டரியில் நிற்கும் உங்கள் ஆர்டர் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது, வந்து இறங்கியதற்கு ஈடாக மட்டுமே புதிய ஆர்டர் உள்ளே போகலாம். டொயோட்டாவின் கான்பான் அட்டை செய்வதும் இதைத்தான். உள்ளே நிற்கும் சரக்கு, வெளியேறும் வேகம், ஆகும் நேரம் ஆகிய மூன்றும் லிட்டில் விதியால் கட்டப்பட்டவை. வாரம் 600 வெளியேறும் இடத்தில் 1800 நின்றால் மூன்று வாரம், 3000 நின்றால் ஐந்து வாரம். ஐந்து வாரம் என்று ஃபவுண்டரிக்காரர் சொன்ன நாளில் உங்கள் பெண்டிங் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள்.

ஷிப்ட்_இன்சார்ஜ்:

இதை ஏற்கிறேன். அதோடு தளத்திலிருந்து ஒரு செய்தி. கேசிங்கைக் கடைந்து முடித்து ஹைட்ரோ டெஸ்டில் (நீரழுத்தச் சோதனை) ஏற்றும்போதுதான் ஊதுதுளை (வார்ப்பில் காற்று சிக்கி உண்டான ஓட்டை) கசிந்து தெரியவரும். வார்ப்பு வந்து பத்து நாள் ஆகியிருக்கும். அந்தத் துண்டு ரிஜெக்ஷன் என்று ஃபவுண்டரிக்குத் திரும்பும், மாற்று அனுப்புவதாகச் சொல்வார்கள், பதிவேட்டில் அது பெண்டிங்காகவே நிற்கும். மாற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஐயாவின் விதியில் இந்தச் செத்த பெண்டிங்கும் வழியில் உள்ள சரக்காக எண்ணப்பட்டால், ஒவ்வொரு வாரமும் அந்த அளவு ஆர்டர் குறைந்து, கையிருப்பு எப்போதும் இலக்குக்குக் கீழேயே கிடக்கும். அலை போய்ப் பள்ளம் நிலைத்துவிடும்.

கன்ட்ரோல்ரூம்:

சரியாகச் சொன்னீர்கள். குழாயில் கசிவு இருந்தால் அந்தப் பிரடிக்டரும் நிரந்தரப் பிழையோடுதான் நிற்கும். ரிஜெக்ஷன் ஆனதைப் பெண்டிங்கிலிருந்து அன்றே எடுத்துவிட்டு, மாற்றுக்கு வேண்டியதைப் புதிய ஆர்டராகவே கணக்கில் எழுத வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குமேல் வராத பழைய ஆர்டர்களையும் அப்படியே ரத்து செய்ய வேண்டும். பர்ச்சேஸ் பிரிவுக்கு ரத்து செய்வது பிடிக்காது. பில் சிக்கல் என்பார்கள். பில் கணக்கு அவர்களிடமே இருக்கட்டும், திட்டமிடலுக்குத் தனிப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள்.

பம்புத்திட்டம்:

அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு கேசிங் மாடலில், அதிகம் ஓடும் மாடலில், அடுத்த காலாண்டுக்கு இந்த விதியை வைத்துப் பார்க்க நிர்வாகத்திடம் ஒப்புதல் கேட்டிருக்கிறேன். தினமும் எண்ணச் சொன்னதை மறுக்கவில்லை. எண்ணுவோம், வரைபடத்தில் குறிப்போம், ஆர்டரைத் திங்கட்கிழமை மட்டும் தொடுவோம் என்று எழுதிக் கொடுத்துள்ளேன். மற்ற மாடல்கள் பழைய விதியிலேயே ஓடுவதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

தரம்_ஓய்வு:

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு மாடல்களும் ஒரே ஃபவுண்டரியில் ஊற்றப்படுகின்றன என்றால், பழைய விதியில் ஓடும் மாடல்களின் அலை உங்கள் சோதனை மாடலின் தாமதத்தையும் ஆட்டும். ஃபவுண்டரியிடம் அந்த மாடலுக்கு வாரத்தில் குறிப்பிட்ட அச்சுகளை ஒதுக்கித் தரும்படி பேசிவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் காலாண்டு முடிவில் விதி தோற்றதா, ஃபவுண்டரி தோற்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.